பதினாலாவது கேள்விக்கு என் பதில்

மார்ச் 3, செவ்வாய்

மூன்றாவது வார்டு மூட்டையில் இன்று கிடைத்தவை: பதினொரு தலையணை உறை, பாதி தின்ற பிஸ்கட், ஒரு ஒற்றைக் கம்மல். கம்மல்காரி யார் என்று கண்டுபிடிக்க எனக்குப் பத்து நிமிஷம் ஆனது. அது எப்படி டாக்டர்கள் ஓய்வறைத் துண்டுகளோடு வந்தது என்று கண்டுபிடிக்க இன்னும் ஐந்து நிமிஷம். இங்கே எழுத மாட்டேன். இஸ்திரி அண்ணனிடம் மட்டும் சொன்னேன். அவர் மூலமாக ஊருக்கே தெரிந்துவிடும், எனக்கு எழுதுகிற வேலை மிச்சம்.

ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் துணியை எண்ணி வாங்குவதும் எண்ணிக் கொடுப்பதும் என் உத்தியோகம். ஒன்பது வருஷம் ஆயிற்று. வம்பு சேகரிப்பது நானாக ஏற்றுக்கொண்ட தொண்டு.

எழுத வந்தது அதுவல்ல. அறிவிப்புப் பலகையில் ஒரு தாள். ஆஸ்பத்திரியின் நர்சிங் பள்ளியில் பணியாளர்களுக்கென்று நாலு இடம். ஐந்து வருஷம் வேலை பார்த்திருக்க வேண்டும், பள்ளி இறுதி தேறியிருக்க வேண்டும், வயது நாற்பத்தைந்துக்குள். எனக்கு நாற்பத்தைந்து ஆக ஏழு மாதம் இருக்கிறது.

ஒரு முறை வாசித்தேன். போய்விட்டுத் திரும்பி வந்து இன்னொரு முறை வாசித்தேன். மூன்றாவது முறை போனபோது காவலாளி, "என்னம்மா, ஏதாவது தொலைச்சிட்டீங்களா?" என்றார்.

மார்ச் 5, வியாழன்

இவரிடம் சொன்னேன். இவர் லிஃப்ட் பழுது பார்ப்பவர். ஆட்களோடு பேசுவதைவிட மோட்டாரோடு பேசிப் பழகியவர். நான் மூச்சு விடாமல் கால் மணி நேரம் பேசி முடித்தபின் "சரி" என்றார். அது இந்த வாரத்துக்கான பேச்சு.

குட்டிக்குப் போன் போட்டேன். என் தங்கை. நாற்பது வயதாகிறது, கல்யாண வயதில் ஒரு பெண் இருக்கிறாள், இன்னும் குட்டிதான். அவள் சிரித்தாள்.

"ஏண்டி பெரிசு, மாடி ஏறினா உன் முட்டி டைப் அடிக்குது. நீ நோயாளியைத் தூக்குவியா, நோயாளி உன்னைத் தூக்குவாங்களா?"

"முறை வச்சுக்கறோம்" என்றேன்.

மார்ச் 10, செவ்வாய்

விண்ணப்பப் படிவத்தின் மாதிரியை அச்செடுத்து வந்தேன். உண்மையான படிவத்தைக் கணினியில்தான் நிரப்ப வேண்டுமாம். பெயர், பிறந்த தேதி, மதிப்பெண். பதின்மூன்றாவது கேள்வி வரை நல்ல பிள்ளையாகப் போய்க்கொண்டிருந்தது.

பதினாலு: மனநோய்க்காக எப்போதாவது சிகிச்சை பெற்றதுண்டா? ஆம். இல்லை. 'ஆம்' எனில் விவரம் தருக.

விவரம் தர அரை விரல் நீளத்துக்கு ஒரு கோடு போட்டிருக்கிறார்கள். ஏழு வாரத்தை அதில் நான் எப்படி மடித்து வைப்பது? மடிப்பது என் தொழில்தான். இருந்தாலும்.

இஸ்திரி அண்ணனிடம் காட்டினேன். என்னைவிட மூத்தவர், ஆனாலும் என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார், வயதைக் குறைத்துக்கொள்ள.

"இல்லைன்னு போட்டுட்டுப் போய்க்கிட்டே இருங்கக்கா. எனக்கு முதுகுவலி. வேலைக்குச் சேரும்போது எழுதினேனா? எழுதியிருந்தா இந்தப் பெட்டி பக்கம் விட்டிருப்பானா?"

"உங்க முதுகு என்ன பொய்யைக் கேட்டாலும் பேசாம இருக்குமண்ணே. என் வாய் அப்படியா?"

சரி, இன்று எனக்கே எழுதிக்கொள்கிறேன், இந்த நோட்டில் கோடு தாராளமாக இருக்கிறது.

பன்னிரண்டு வருஷம் முன்பு ஒரு நாள் பல் தேய்க்கக் குழாயைத் திறந்தேன். அதை மூடுவது ஏன் என்று தெரியவில்லை. தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது, நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். இவர் வந்து மூடினார். அப்புறம் பேச்சு நின்றது. நான்! பேச்சு! அக்கம்பக்கத்தில் யாரும் நம்பவில்லை. சண்டை போட்டுக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய்விட்டேன் என்றுதான் நினைத்தார்கள். யாரும் செத்துப்போகவில்லை, யாரும் என்னை அடிக்கவில்லை. காரணம் கேட்டு வந்தவர்களுக்குக் கொடுக்க என்னிடம் ஒரு காரணமும் இல்லை, அதுதான் அவர்களுக்குத் தாங்கவில்லை. வேறோர் ஆஸ்பத்திரியில் ஏழு வாரம். தீவிர மனச்சோர்வு என்று சீட்டில் எழுதினார்கள். பத்து வருஷம் முன்பு இன்னொரு தடவை, இரண்டு வாரம். நாலு வருஷம் முன்பு கொஞ்சம் தலைகாட்டியது. டாக்டரம்மா மாத்திரையைக் கூட்டினார், எட்டு நாள் லீவு போட்டேன், திரும்பி வந்தேன். தினமும் காலையில் ஒரு மாத்திரை. இன்றும் போட்டேன்.

அந்த ஏழு வாரத்தில் ஒரு நர்ஸ். தினமும் காலையில் வந்து, "மணி ஏழு. இன்னிக்குப் புதன்கிழமை. மத்தியானம் வரைக்கும் நான் இங்கதான் இருப்பேன்" என்பார். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடப்பேன். அடுத்த நாள் "மணி ஏழு. இன்னிக்கு வியாழக்கிழமை." பதில் வராத இடத்தில் இருபத்து மூன்று நாள் பேசியிருக்கிறார். கோவிலில்கூட ஜனங்களுக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. இருபத்து நாலாம் நாள் நான் "தெரியும்" என்றேன். கொஞ்சம் சிடுசிடுப்பாகத்தான் சொன்னேன். அவர் "தெரிஞ்சா சரி" என்று போய்விட்டார்.

எனக்கு அந்த வேலை வேண்டும். அந்த வேலை எனக்கு எங்கிருந்து தெரியுமோ, அதை மறைத்துவிட்டு அதற்கே விண்ணப்பம் போடுவதா?

ஆம். விவரம்: கேட்டால் சொல்கிறேன், உட்கார்ந்து கேட்க நேரம் இருக்கட்டும்.

மார்ச் 14, சனி

குட்டி ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள். கணினி அவளுக்குக் கரண்டி மாதிரி. பதில்களையெல்லாம் ஒரு தாளில் வரிசையாக எழுதி அவளிடம் கொடுத்திருந்தேன். இன்று போன் செய்தாள்.

"எல்லாம் போட்டு அனுப்பியாச்சு. போட்டோவில் மட்டும் நீ கொஞ்சம் வாயை மூடியிருக்கலாம்."

ஏப்ரல் 9, வியாழன்

நுழைவுத் தேர்வு. என் பெஞ்சில் உட்கார்ந்த பெண் என்னைக் கண்காணிப்பாளர் என்று நினைத்து எழுந்து நின்றுவிட்டாள். நானும் "உட்காரு" என்று சொல்லிவிட்டேன், சும்மா இருக்க முடியாமல்.

ஏப்ரல் 27, திங்கள்

மூன்றாவது பெயர் என்னுடையது!

நாலு பேர், அதில் மூன்றாவது! சலவைப் பிரிவில் இஸ்திரி அண்ணன் நீராவியைத் திறந்துவிட்டு ஊதல் சத்தம் எழுப்பினார். மேற்பார்வையாளர் ஓடி வந்தார், பெட்டி வெடித்துவிட்டதோ என்று. இவர் சாயங்காலம் லிஃப்ட் கிரீஸ் கையோடு வந்து என் தலையில் கை வைத்தார். முடியை அலச இரண்டு தடவை ஷாம்பூ ஆயிற்று. பரவாயில்லை.

எனக்கே சொல்லிக்கொண்டேன்: 'ஆம்' என்று எழுதியும் எடுத்திருக்கிறார்கள். உலகம் நான் நினைத்ததைவிடப் பெரிய மனுஷிதான். நாளைக்குள் இந்த எண்ணத்தை இன்னும் நாலு பேரிடம் சொல்லியாக வேண்டும்.

மே 11, திங்கள்

பஸ்ஸில் உட்கார்ந்து எழுதுகிறேன், எழுத்து கோணலாக வரும், வரட்டும்.

மருத்துவப் பரிசோதனை நாள். எடை (எழுத மாட்டேன்), கண், ரத்தம் எல்லாம் ஆனது. கடைசியில் குமாஸ்தா என் விண்ணப்பத்தின் அச்சுப் பிரதியை நீட்டினார். 'மேற்கண்டவை அனைத்தும் உண்மை' என்று இருந்த இடத்தில் விரலை வைத்து, "இங்க ஒரு கையெழுத்தும்மா" என்றார்.

நான் எண்ணி வாங்குகிறவள். எதையும் பார்க்காமல் கையெழுத்துப் போட்டதில்லை. பக்கத்தைத் திருப்பினேன்.

பதினாலு: இல்லை.

முதலில் வேறு யாருடைய படிவமோ என்று நினைத்தேன். போட்டோவைப் பார்த்தேன். வாய் திறந்திருந்தது. நான்தான்.

"பேனா எழுதலையாம்மா?" என்றார் குமாஸ்தா.

எனக்குப் பின்னால் ஏழெட்டுப் பேர். கையெழுத்துப் போட்டால் முடிந்தது, ஆகஸ்டில் வகுப்பு. யாருக்கும் தெரியாது. இங்கே யாருக்கும் தெரியாது! ஒரு நிமிஷம் நின்றேன் என்று எழுத ஆசை. உண்மையில் ரொம்ப நேரம் நின்றேன். பின்னால் இருந்தவர்கள் முனகத் தொடங்கிவிட்டார்கள்.

சலவைப் பிரிவு நோட்டில் எங்களுக்கு ஒரு விதி உண்டு. தப்பாக எழுதிவிட்டால் கிறுக்கக் கூடாது, மேலேயே திருத்தி எழுதக் கூடாது, வெள்ளை மை கூடவே கூடாது. தப்பின் குறுக்கே ஒரே ஒரு கோடு. அடியில் இருப்பது வாசிக்கத் தெரிய வேண்டும். மேலே சரியானது, பக்கத்தில் சுருக்கொப்பம், தேதி. இல்லாவிட்டால் நாற்பது விரிப்பு காற்றில் கரைந்துவிடும்.

கை அதைத் தானே செய்தது. 'இல்லை'யின் குறுக்கே ஒரு கோடு. மேலே 'ஆம்'. சுருக்கொப்பம். தேதி. அப்புறம் கீழே முழுக் கையெழுத்து.

குமாஸ்தா தாளைப் பார்த்தார். "ஐயய்யோ, என்னம்மா பண்ணி வச்சிருக்கீங்க! அடிச்சுத் திருத்தினா செல்லாது!"

"திருத்தாட்டி பொய். எது வேணும் உங்களுக்கு?"

"எனக்கு எதுவும் வேணாம்மா, எனக்குப் பென்ஷன் வர ரெண்டு வருஷம்தான் இருக்கு" என்றார் அவர், ரொம்பப் பாவமாக.

அதே நாள், சாயங்காலம்

குட்டி வீட்டுக்கு நேரே போனேன். அவள் கதவைத் திறந்ததும் முகத்திலேயே தெரிந்துவிட்டது.

"பாத்துட்டியா" என்றாள்.

"நான் எழுதிக் கொடுத்த தாள்ல என்ன இருந்தது? நீ என்ன போட்டே?"

"ஆம்னு அழுத்தினேன். அழுத்தினதும் இன்னும் மூணு பெட்டி திறந்தது. என்ன நோய், எந்த டாக்டர், சான்றிதழ் எங்கே. திரும்பத் திரும்ப அதையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன். அப்புறம் இல்லைன்னு அழுத்தினேன். பெட்டியெல்லாம் மூடிக்கிச்சு."

"பெட்டி மூடினா ஆச்சா? எனக்கு இல்லாமப் போயிடுமா?"

"உனக்காகத்தான் பண்ணினேன்."

"எனக்காக ஒண்ணும் பண்ணலை நீ. பொய் சொல்லாதே."

குட்டி வாசல் கதவைச் சாத்தினாள். "சரி, எனக்காகத்தான். பொண்ணைப் பாக்க வராங்க அடுத்த மாசம். நல்ல இடம். பெரியம்மாவுக்கு மனசு சரியில்லாம ஆஸ்பத்திரில வச்சிருந்தாங்கன்னு ஒரு தாள்ல, அரசாங்க முத்திரையோட, எங்கேயாவது கிடந்தா? நீ உன் இஷ்டத்துக்கு மார்தட்டிக்கோ. என் பொண்ணு என்ன பாவம் பண்ணினா?"

நான் என்ன பாவம் பண்ணினேன்னு கேட்டிருக்கணும். கேக்கலை. அந்த ஏழு வாரமும் ஒரு நாள் விடாம ரெண்டு பஸ் மாறி வந்து எனக்குத் தலை பின்னிவிட்டவ இவதான். அவளுக்கே வெக்கமா இருக்குன்னா வேற யார்கிட்ட போய் நான் —

செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். அவளுடையது. ஒரு அளவு சின்னது.

மே 12, செவ்வாய்

குட்டி போன் செய்யவில்லை. நானும் செய்யவில்லை. போனை எத்தனை தடவை எடுத்துப் பார்த்தேன் என்பது எனக்கும் போனுக்கும் நடுவில் உள்ள விஷயம்.

மே 20, புதன்

கடிதம் வந்துவிட்டது. தகவலை மறைத்து விண்ணப்பித்ததற்காக என் சேர்க்கையை ஏன் ரத்து செய்யக் கூடாது என்று விளக்க வேண்டுமாம். ஜூன் 8 அன்று குழு முன் நேரில் வர வேண்டும். டாக்டர் அறிக்கையும் வேண்டும்.

ஆக, இப்போது நான் பைத்தியம் மட்டுமல்ல, பொய்யும் சொல்கிறவள். ஒரே தாளில் இரண்டு பட்டம்.

இஸ்திரி அண்ணன் கொதித்தார். "தங்கச்சிதான் போட்டாங்கன்னு எழுதிக் குடுங்கக்கா. உள்ளதைத்தானே சொல்றீங்க!"

உள்ளதுதான். ஆனால் அதை எழுதினால் பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை பார்க்கிறவள் பொய்ப் படிவம் நிரப்பினாள் என்று ஆகும். அவள் மேல் எனக்கு எவ்வளவு கோபம் இருந்தாலும் அதை நான்தான் வைத்துக்கொள்வேன், அலுவலகத்துக்குக் கொடுக்க மாட்டேன்.

விளக்கம் எழுதினேன்: 'விண்ணப்பம் என்னுடையது. அனுப்பும் முன் நான் வாசித்துப் பார்க்கவில்லை. தவறு என்னுடையது. பார்த்தவுடன் திருத்தினேன். நோய் தவறு அல்ல. அதற்கு விளக்கம் எழுத மாட்டேன்.'

கடைசி வரியை இவர் இரண்டு முறை வாசித்தார். எடுக்கச் சொல்வார் என்று சண்டைக்குத் தயாராக இருந்தேன். "எழுத்து நல்லா இருக்கு" என்றார்.

மே 23, சனி

டாக்டரம்மாவிடம் போனேன். "பூரண குணம்னு நாலு வரி எழுதிக் கொடுங்க. பெரிய எழுத்துல" என்றேன்.

"எழுத மாட்டேன்."

"டாக்டரம்மா!"

"குணமாச்சுன்னா மாத்திரை எதுக்கு? நாளைக்கு நீங்களே மாத்திரையை நிறுத்திட்டு வந்து நிப்பீங்க, நீங்கதானே எழுதினீங்கன்னு. உங்களுக்கு நோய் இருக்கு. சிகிச்சை ஒழுங்கா எடுக்கறீங்க. ஏதாவது மாறினா உங்களுக்கே முதல்ல தெரியுது, நேரா இங்க வந்துடறீங்க. இந்தப் படிப்புக்கும் வேலைக்கும் தகுதி. இவ்வளவுதான் உண்மை. இதை எழுதுவேன்."

கோபம் வந்தது. படிக்கட்டு இறங்கும்போது சிரிப்பு வந்தது. இல்லாத ஒன்றை எழுதச் சொல்லி வந்திருக்கிறேன், நானே! குட்டி பார்த்திருந்தால் விழுந்து புரண்டிருப்பாள்.

குட்டியிடம் சொல்ல முடியாது, இல்லையா.

மே 30, சனி

காலையில் எழுந்ததும் மார்பில் ஒரு பாரம். பல் தேய்க்கும்போது குழாயையே பார்த்தேன். வருகிறதோ?

எனக்கென்று ஒரு சோதனை வைத்திருக்கிறேன். குளிக்கத் தோன்றுகிறதா? தோன்றியது. சாப்பாட்டில் உப்பு தெரிகிறதா? தெரிந்தது, இவர் இரண்டு தடவை போட்டிருந்தார். அடுத்த வீட்டு டெய்லரம்மா புதுச் சங்கிலி போட்டிருக்கிறாளே, அது எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள்ளத் துடிக்கிறதா?

துடித்தது. மாடியிலிருந்து எட்டிப் பார்த்தேன். கவரிங்.

நோய் இல்லை. இது வெறும் பயம். பயந்தால் பயந்துவிட்டுப் போகிறேன், அதற்கு மாத்திரை கிடையாது. இருந்தாலும் டாக்டரம்மாவுக்குப் போன் செய்து சொன்னேன். "சரி, சொன்னது நல்லது, வேலைக்குப் போங்க" என்றார். போனேன்.

ஜூன் 8, திங்கள்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். கொஞ்சம் மெருகு ஏறியிருந்தால் அது என் பிறவிக் குணம்.

நீள மேஜை. எதிரே மூன்று பேர். நடுவில் நர்சிங் பள்ளி முதல்வர். நரைத்த கொண்டை, சிரித்தே பல வருஷம் ஆனது போன்ற முகம். ஒரு பக்கம் வயதான டாக்டர். இன்னொரு பக்கம் நிர்வாக அலுவலர். அவர் சட்டைக் காலருக்கு எங்கள் பிரிவில்தான் கஞ்சி போடுகிறோம் என்பதால் எனக்குக் கொஞ்சம் தைரியம்.

டாக்டர்தான் முதலில் கேட்டார். "வார்டுல இருக்கும்போது, நோயாளி முன்னால, உங்களுக்கு அந்த மாதிரி வந்துட்டா என்னம்மா பண்ணுவீங்க?"

"அது தும்மல் மாதிரி திடீர்னு வராது சார். ஒரு வாரம் முன்னாலயே கதவைத் தட்டும். தட்டினா டாக்டர்கிட்ட போவேன், லீவு சொல்வேன். நாலு வருஷம் முன்னால அப்படித்தான் பண்ணினேன். எட்டு நாள். ஃபைல்ல இருக்கும்."

"நோயாளிங்களுக்குத் தெரிஞ்சா?"

"தெரிஞ்சா என்ன சார்? ஆறாவது வார்டு சிஸ்டருக்குச் சர்க்கரை இருக்கு. யாராவது அவங்க கையால ஊசி வேணாம்னு சொல்றாங்களா?"

"அதுவும் இதுவும் ஒண்ணா?" என்றார் அலுவலர்.

"ரெண்டுக்கும் காலையில ஒரு மாத்திரை. அந்த அளவுக்கு ஒண்ணு."

இங்கே வாயைக் கடித்துக்கொண்டிருக்கலாம். கடிக்கவில்லை. "ஏழு வாரம் நான் படுக்கையில கிடந்திருக்கேன். உங்க பள்ளிக்கூடத்துல மத்த பிள்ளைங்க மூணு வருஷத்துல படிக்கறதை நான் அடிப்பக்கத்துலேருந்து பாத்திருக்கேன். அதுக்கு நீங்க மார்க் போடணும், கழிக்கக் கூடாது."

டாக்டர் இருமினார். சிரிப்பை மறைக்கிற இருமல் எது என்று எனக்குத் தெரியும்.

அலுவலர் தாளைத் தட்டினார். "நோய் இருக்கட்டும். பொய்க்கு வருவோம். 'இல்லை'ன்னு போட்டது யார்?"

"படிவம் என்னோடது சார்."

"கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க."

"அதான் பதில்."

முதல்வர் அதுவரை பேசவேயில்லை. படிவத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். "ஒரே கோடு. அடியில உள்ளது தெரியுது. சுருக்கொப்பம், தேதி. இப்படித் திருத்த எங்க கத்துக்கிட்டீங்க?"

"சலவைப் பிரிவு நோட்டுல, மேடம்."

"நோயாளி குறிப்பேட்டுல இப்படித்தான் திருத்தணும்னு என் பிள்ளைங்களுக்குச் சொல்லிக் கொடுக்க ரெண்டு வருஷம் ஆகுது. வெள்ளை மையைப் பையில வச்சுக்கிட்டுத் திரியறாங்க."

"அதுக்காக?" என்றார் அலுவலர்.

"அதுக்காக ஒண்ணுமில்லை. சொன்னேன்."

அப்புறம் முதல்வர் கோப்புக்குள்ளிருந்து இன்னொரு தாளை எடுத்தார். பள்ளிக்கூட நோட்டிலிருந்து கிழித்த தாள். "உங்க தங்கச்சி வெள்ளிக்கிழமையே வந்து இதைக் கொடுத்துட்டுப் போயிட்டாங்க. உங்களுக்குத் தெரியாதா?"

எனக்கு எதுவும் தெரியாது. ஊர் வம்பெல்லாம் தெரிந்த எனக்கு!

முதல்வர் வாசித்தார். 'என் அக்கா ஆம் என்று எழுதித் தந்தாள். நான் இல்லை என்று மாற்றிப் போட்டேன். என் பெண்ணின் கல்யாணத்துக்கு இடைஞ்சல் வரும் என்று பயந்து செய்தேன். அக்காவுக்குத் தெரியாது. அவளுக்குப் பொய் சொல்ல வராது. வம்புதான் பேசுவாள்.' கீழே முழுப் பெயர், வேலை பார்க்கும் இடம், போன் நம்பர்.

நான் அழவில்லை என்று எழுதலாம். மேஜைமேல் இருந்த விரிப்பு எங்கள் பிரிவுடையது. துடைத்துக்கொண்டேன்.

"முடிவைக் கடிதத்துல தெரிவிப்போம்" என்றார் அலுவலர்.

ஜூன் 9, செவ்வாய்

"செருப்பைக் கொண்டு வந்து குடு" என்றாள் குட்டி போனில். ஹலோ கூடச் சொல்லவில்லை.

"பள்ளிக்கூடத்துல ஏதாவது பிரச்சினை வந்தா?"

"தலைமையாசிரியர்கிட்ட நானே சொல்லிட்டேன். ஒரு மணி நேரம் திட்டினார். காது ரெண்டும் இருக்கு."

"பொண்ணு பாக்க வரவங்க?"

"அவங்ககிட்டயும் சொல்லிட்டேன். பின்னால தெரிஞ்சு பேசறதுக்கு முன்னாலயே பேசிக்கட்டும்னு. யோசிச்சுச் சொல்றோம்னாங்க."

"யோசிக்கறாங்களா?"

"நாலு நாளா யோசிக்கறாங்க பெரிசு. அவ்வளவு மூளை இருக்கற இடமாத் தெரியலை."

சிரித்தோம். ரொம்ப நேரம் சிரித்தோம். நடுவில் அவள் சிரிப்பு வேறு மாதிரி ஆனது, நான் கவனிக்காத மாதிரி இருந்தேன்.

ஜூன் 24, புதன்

கடிதம். சேர்த்துக்கொண்டார்கள்!!

கீழே ஒரு வரி: ஆறு மாதத்துக்கு ஒரு முறை மனநல மருத்துவரின் கடிதம் தர வேண்டும். தராவிட்டால் சேர்க்கை ரத்து.

இவர் வாசித்துவிட்டு, இந்த வருஷத்திலேயே நீளமான வாக்கியத்தைப் பேசினார். "ஒண்ணும் கேக்காம போய்ச் சேந்துடு."

ஏன் கேக்கக் கூடாது? நாலு பேரில் இன்னொருத்தர் ஆய்வுக்கூட உதவியாளர். அவருக்கு ஆஸ்துமா, போன வருஷம் ஆக்சிஜன் வைத்தார்கள். அவர் விரிப்பை நான்தான் எண்ணினேன். அவரைக் கடிதம் கேட்டார்களா? இல்லை. விசாரித்துவிட்டேன்.

குட்டி, "உள்ள விட்டவங்களை வாசல்லயே நின்னு கேள்வி கேக்கறது நீ ஒருத்திதான்" என்றாள். அப்புறம், "கேளு" என்றாள்.

ஜூலை 2, வியாழன்

முதல்வர் அறைக்குப் போனேன்.

"கடிதம் தரேன் மேடம். தரமாட்டேன்னு சொல்லலை. நீண்ட நாள் மருந்து சாப்பிடற எல்லாரும் தரணும்னா முதல் ஆளா நான் தரேன். எனக்கு மட்டும்னா எந்த விதியில இருக்குன்னு எழுதிக் காட்டுங்க."

"உங்களுக்கு வாய் எப்பவாவது அடங்கியிருக்கா?"

"ஏழு வாரம் அடங்கியிருந்தது மேடம். யாருக்கும் பிடிக்கலை."

அவர் முகத்தில் எதுவும் அசையவில்லை. "சேருங்க. உள்ளே வந்து எழுதிக் கேளுங்க. வெளியிலேருந்து கேட்டா அது புகார். உள்ளேருந்து கேட்டா ஆலோசனை" என்றார். பிறகு மேஜை இழுப்பறையைத் திறந்து ஒரு டப்பாவிலிருந்து மாத்திரை எடுத்துப் போட்டுக்கொண்டார். என்ன மாத்திரை என்று எட்டிப் பார்த்தேன். தெரியவில்லை.

ஆகஸ்ட் 3, திங்கள்

முதல் நாள். சீருடை இடுப்பில் ஏறவில்லை. காலையிலேயே ஆலோசனைக் கடிதத்தைக் கொடுத்துவிட்டு வகுப்புக்குப் போனேன். இருபது வயதுப் பெண்கள் முப்பத்தாறு பேர், நாங்கள் நாலு பேர். எலும்புகளின் பெயரைச் சொன்னார்கள். முட்டியின் பெயர் மட்டும் உடனே பதிந்துவிட்டது.

ஆகஸ்ட் 19, புதன்

அந்த வரன் அமையவில்லை. சேதி சொல்லக்கூட இல்லை. வேறு இடத்தில் நிச்சயம் செய்துவிட்டார்கள் என்று டெய்லரம்மா மூலம் எனக்குத்தான் முதலில் தெரிந்தது. முதல் தடவையாக ஒரு வம்பைக் கையில் வைத்துக்கொண்டு யாரிடமும் சொல்லாமல் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அப்புறம் குட்டியிடம் சொன்னேன்.

"சரி" என்றாள். இவர் மாதிரியே.

பெண் போனைப் பிடுங்கி, "பெரியம்மா, நான் இப்ப கல்யாணமே பண்ணிக்கறதா இல்லை, அம்மாகிட்ட அதை முதல்ல சொல்லுங்க" என்றாள். பின்னால் குட்டி கத்துவது கேட்டது. எனக்கு உறுத்தல் போகவில்லை. போகாது. ஆனாலும் அந்தக் கோட்டை மறுபடி போடச் சொன்னால் போடுவேன்.

செப்டம்பர் 17, வியாழன்

சுற்றறிக்கை வந்தது. நீண்ட நாள் மருந்து எடுத்துக்கொள்ளும் மாணவர், ஆசிரியர், பணியாளர் அனைவரும், எந்த நோயானாலும் சரி, ஆறு மாதத்துக்கு ஒரு முறை அவரவர் மருத்துவரின் கடிதத்தை அலுவலகத்தில் தர வேண்டும்.

வகுப்பே என்மேல் பாய்ந்தது. "அக்கா, உங்களாலதான்! எனக்குத் தைராய்டு, நான் எங்க போய் நிக்கறது!" ஆஸ்துமாக்காரர் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார்.

செப்டம்பர் 28, திங்கள்

கடிதம் கொடுக்கிற நாள். அலுவலக ஜன்னலுக்கு முன் வரிசை மாடிப்படி வரை நீண்டிருந்தது. சொன்னபடி நான்தான் முதலில் நிற்க நினைத்தேன். வகுப்பு முடிந்து முட்டியோடு இறங்கி வருவதற்குள் பதினாறாவது ஆளாகிவிட்டேன். எனக்கு முன்னால் தைராய்டு, வலிப்பு, சர்க்கரை, உடற்கூறு ஆசிரியருடைய ரத்தக்கொதிப்பு. எல்லோரும் முணுமுணுத்தார்கள். நடுவில் முதல்வரே தன் கடிதத்தோடு வந்து நின்றார். முணுமுணுப்பு நின்றது. யாரோ வழிவிட்டார்கள். அவர் "வரிசை" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கடைசிக்குப் போனார்.

எனக்குப் பின்னால் ஒரு பெண். வகுப்பில் கடைசி பெஞ்ச், வாயே திறக்காத பிள்ளை. கடிதத்தை எட்டாக மடித்துக் கைக்குள் வைத்திருந்தாள். வியர்வையில் தாள் ஈரமாகியிருந்தது. என்ன நோய் என்று நான் கேட்கவில்லை. நான்! கேட்கவில்லை! டெய்லரம்மாவிடம் சொன்னால் நம்ப மாட்டாள்.

வரிசை நாலு அடி நகர்ந்தது. அப்போது அவளே, என் முதுகைப் பார்த்து, மெதுவாக, "அக்கா, நீங்க எந்த டாக்டரைப் பாக்கறீங்க?" என்றாள்.

பெயரைச் சொன்னேன். எந்தப் பஸ் என்று சொன்னேன். செவ்வாயும் சனியும் கூட்டம் குறைவு என்றும் சொன்னேன்.